காணாமல் போனவர்களுக்குத் தீர்ப்பு சொன்னவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆடித் திருவிழாவில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திடலில் பேசிய பட்டிமன்றப் பேச்சாளர்களுக்கும், நடுவர் ஐயாவுக்கும், அவர்களை அழைத்து வந்த விழாக் குழுத் தம்பிகளுக்கும்,

வணக்கம். உங்களில் யார் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. ஊர்ப் பெயரையும் சொல்லவில்லை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே இருக்கிற மீனவ ஊர்களில் ஒன்று எங்களுடையது. அது எது என்று உங்களுக்குத் தெரியும்.

அன்றைய தலைப்பு, 'மலேசிய விமானம்: கடலில் விழுந்ததா, கடத்தப்பட்டதா?' 2014-இல் நடுவழியில் காணாமல் போன எம்.எச்.370 விமானத்தைப் பற்றியது. இரவு பத்து மணிக்குத் தொடங்கிய பேச்சு ஒன்றே காலுக்குத்தான் முடிந்தது. நன்றாகவே பேசினீர்கள், அதை மறைக்க மாட்டேன். விடிந்தால் தொழிலுக்குப் போக வேண்டியவர்கள்கூட எழுந்து போகவில்லை. கடைசியில் நடுவர் ஐயா தீர்ப்பு சொன்னார்: விமானத்தில் இருந்த 239 பேரும் உயிரோடு இருக்கிறார்கள், இந்தியப் பெருங்கடலில் உள்ள டியாகோ கார்சியா தீவில் அமெரிக்க ராணுவம் அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது, ஒருநாள் திரும்பி வருவார்கள். திடலே அதிரும்படி கைதட்டினார்கள்.

பெண்கள் பக்கத்தில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்த என் அண்ணி கைதட்டவில்லை. வீட்டுக்கு வரும் வழியிலும் எதுவும் பேசவில்லை. வாசல் விளக்கைப் போட்ட பிறகுதான் கேட்டார்: "தம்பி, அவங்கள்லாம் தீவுல இருக்காங்கன்னு அவ்வளவு படிச்சவரு சொல்றாரே. அப்ப கடல்ல அம்புட்டவங்களையும் அங்கதான் வச்சிருப்பாங்களோ?" நான் பதில் தேடுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. "உசுரோட இருக்கற மனுசனுக்கா நாம எள்ளுந் தண்ணியும் எறச்சோம்?"

இந்த மடலை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

என் அண்ணன் 2009 ஐப்பசியில் ஃபைபர் படகில் மூன்று பேரோடு தொழிலுக்குப் போனார். நால்வரும் திரும்பவில்லை. பதினோராம் நாள், கோடியக்கரைக்குக் கிழக்கே வலை விட்டவர்கள் ஒரு மஞ்சள் டீசல் கேனை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதன் பக்கவாட்டில் நீலப் பெயிண்டில் அண்ணனின் கையெழுத்தில் படகின் பெயர் இருந்தது. 'ம' எழுதும்போது கடைசிக் கோட்டைக் கொஞ்சம் நீட்டி இழுப்பார், அதிலும் அப்படியே இழுத்திருந்தார். படகும் ஆட்களும் கிடைக்கவில்லை. அந்தக் கேன் மட்டும்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த யூகங்களைச் சொல்லி மாளாது. இலங்கைச் சிறையில் பார்த்ததாக ஒருவர் வந்தார். பர்மா கரையில் ஒதுங்கி அங்கேயே கூலி வேலை செய்வதாக இன்னொருவர். வடமேற்குத் திசையில், நாலு சுவருக்குள் இருக்கிறார், வயது ஐம்பது தாண்டியதும் வருவார் என்று ஒரு சோதிடர் கணித்தார். ஒவ்வொன்றுக்கும் அண்ணி கிளம்பிப் போனார். தோடு போயிற்று, பிறகு மூக்குத்தி. சொன்னவர்களில் பாதிப் பேர் கெட்டவர்கள் இல்லை. ஒரு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னவர்கள்தான். சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அண்ணி வாசலிலேயே இருந்தார்.

ஏழு வருடம் தகவல் இல்லாத ஒருவரை இறந்தவராகக் கருதலாம் என்று 1872-ஆம் வருடத்துச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு சொன்னது. அந்த ஏழு வருடமும் முடிகிறவரை அண்ணிக்கு எந்த அலுவலகத்திலும் சரியான பதில் கிடைக்கவில்லை. 2017 தை அமாவாசையன்று கோடியக்கரையில்தான் அண்ணனுக்கு நீர் இறைத்தோம். அண்ணி அழுது தீர்த்தார். அன்று இரவு பல வருடத்துக்கு அப்புறம் விடியும்வரை தூங்கினார்.

அதற்குப் பத்து நாள் முன்பு, ஜனவரி 17 அன்று, உங்கள் மேடை விமானத்தைத் தேடிய கப்பல்களும் தேடலை நிறுத்தியிருந்தன. இந்தியப் பெருங்கடலின் தெற்கே 1,20,000 சதுர கிலோமீட்டர் தேடி முடித்திருந்தார்கள். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தபோது, பெய்ஜிங்கிலும் கோலாலம்பூரிலும் எத்தனை வீட்டில் எங்கள் அண்ணியைப் போல ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்றுதான் முதலில் தோன்றியது.

சரி, உங்கள் தலைப்புக்கே வருகிறேன். நான் விமானம் படித்தவன் இல்லை. ஆனால் அந்த விசாரணை அறிக்கையில் இருப்பதைத் தமிழ்ப் பத்திரிகைகளில் வந்தவரை விடாமல் படித்தவன். நீங்கள் மூன்றே கால் மணி நேரத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாததை நான் சொல்கிறேன்.

2014 மார்ச் 8, மலேசிய நேரம் நள்ளிரவு 12.42 அளவில் விமானம் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குக் கிளம்பியது. 227 பயணிகள், 12 ஊழியர்கள். பயணிகளில் ஐந்து பேர் இந்தியர்கள். 1.19-க்கு விமானியறையிலிருந்து இரவு வணக்கம் சொன்ன குரல்தான் கடைசிக் குரல். நம் கடிகாரத்தில் அது இன்னும் வெள்ளிக்கிழமை இரவு, 10.49. இரண்டு நிமிடத்தில் கட்டுப்பாட்டு அறைத் திரையிலிருந்து விமானம் மறைந்தது. மலேசிய ராணுவ ரேடார் மட்டும் அது திரும்பி, தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, பினாங்கு பக்கமாய் மலாக்கா நீரிணைக்கு மேல் போவதைப் பதிவு செய்திருக்கிறது. 2.22-க்கு அதுவும் இல்லை.

அப்புறமும் விமானம் பறந்தது என்பது செயற்கைக்கோளால் தெரிந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாக, தரை நிலையம் மணிக்கு ஒரு முறை "இருக்கிறாயா" என்று கேட்கும். விமானத்தில் இருக்கும் கருவி "இருக்கிறேன்" என்று பதில் அனுப்பும். மின்னலைப் பார்த்து, இடி கேட்கும்வரை எண்ணி, எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று நாம் கணக்குப் போடுகிறோம் இல்லையா? பதில் வர ஆன நேரத்தை வைத்து அவர்களும் அப்படித்தான் தூரத்தைக் கணக்கிட்டார்கள். கிட்டே வரும் ரயிலின் ஹாரன் ஒரு மாதிரியும் விலகிப் போகும் ரயிலின் ஹாரன் வேறு மாதிரியும் கேட்கும். அந்த வேறுபாட்டை வைத்து விமானம் தெற்கே போனதாக முடிவு செய்தார்கள். நடுவில் தரையிலிருந்து இரண்டு தடவை, 2.39-க்கும் 7.13-க்கும், செயற்கைக்கோள் தொலைபேசியில் விமானத்தை அழைத்தார்கள். யாரும் எடுக்கவில்லை. கடைசிச் சமிக்ஞை 8.19. இங்கே காலை 5.49. எங்கள் கரையில் படகைத் தள்ளுகிற நேரம் அது.

எரிபொருள் தீர்ந்திருக்கும் என்று கணிக்கப்பட்ட நேரமும் ஏறக்குறைய அதுதான்.

அப்புறம் ஒரு துண்டு கிடைத்தது. 2015 ஜூலை 29, மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கும் ரீயூனியன் தீவின் கரையில், இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் பாகம். அந்த விமானத்துடையதுதான் என்று பிரெஞ்சு விசாரணையாளர்கள் உறுதி செய்தார்கள். அதன் மேல் கொட்டலசு, அதாவது கடலில் கிடக்கும் சாமானில் ஒட்டி வளரும் சின்ன ஓட்டு உயிர், அப்பியிருந்தது. மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்களில் ஒருவரை எழுப்பிக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார், தண்ணீரிலேயே பல மாதம் கிடந்த சாமானில்தான் அது அப்படிப் பிடிக்கும் என்று. படகைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டு அதைச் சுரண்டுவது எங்கள் வேலைகளில் ஒன்று. மொசாம்பிக், தான்சானியா, மடகாஸ்கர் பக்கமும் துண்டுகள் ஒதுங்கின. நம் கரையில் மூங்கில் மிதவைகள் எங்கிருந்தோ வந்து ஒதுங்குவதைப் பார்த்தவர்களுக்குக் கடல் ஒரு பொருளை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. விமானம் ஒரு தீவில் முழுசாக இறங்கியிருந்தால் அதன் இறக்கை எப்படி ஐயா கடலில் மிதந்து போகும்? இந்த ஒரு கேள்வியை எதிரணிகூடக் கேட்கவில்லை.

இவ்வளவுதான் தெரிந்தது. ஏன் திரும்பியது, யார் திருப்பினார்கள் என்பது தெரியாது. மலேசிய விசாரணைக் குழுவின் சுமார் 500 பக்க அறிக்கை 2018 ஜூலை 30-இல் வந்தபோது, காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றுதான் எழுதினார்கள். விமானம் தானியங்கியில் திரும்பியிருக்க வாய்ப்பில்லை, கையால்தான் திருப்பப்பட்டிருக்கும் என்றார்கள். மூன்றாம் ஆள் தலையீட்டையும் தள்ளிவிட முடியாது என்றார்கள். அதோடு நிறுத்திக்கொண்டார்கள். நான்கு வருடம் அதையே வேலையாகப் பார்த்தவர்கள் நிறுத்திய இடத்தில், நீங்கள் கொலைகாரன் பெயரைச் சொன்னீர்கள். உங்களில் ஒருவர் விமானியை, பெயர் சொல்லி, அவர் மனைவி மக்களைச் சொல்லிப் பேசியதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. அவர் குடும்பமும் காத்திருக்கிற குடும்பம்தான்.

திருட்டுக் கடவுச்சீட்டில் ஏறிய இரண்டு ஈரான் இளைஞர்களைத் தீவிரவாதிகள் என்று அன்று உலகமே பேசியது. தஞ்சம் தேடி ஐரோப்பாவுக்குப் போகக் கிளம்பியவர்கள் அவர்கள் என்று சில நாளிலேயே இன்டர்போலும் மலேசியப் போலீசும் சொல்லிவிட்டன. உங்கள் மேடையில் அவர்கள் இன்னும் தீவிரவாதிகளாகவே இருந்தார்கள்.

அரசாங்கங்கள் மறைக்கவில்லையா, குழப்பவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். குழப்பினார்கள். விமானம் மேற்கே போனது ராணுவ ரேடாரில் பதிவாகியிருந்தும் முதல் நாட்களில் தென்சீனக் கடலில் தேடிக்கொண்டிருந்தார்கள். விமானம் தன் எல்லைக்கு வரவில்லை என்று வியட்நாம் கட்டுப்பாட்டு அறை விசாரிக்கவே ஏறக்குறைய 20 நிமிடம் ஆனது. மார்ச் 24 அன்று, யாரும் பிழைக்கவில்லை என்ற சேதியைச் சில குடும்பங்கள் கைபேசிக் குறுஞ்செய்தியில் படித்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும். அறிக்கை வந்த மறுநாளே மலேசிய சிவில் விமானத் துறைத் தலைவர் பதவி விலகினார். இதையெல்லாம் பேசுங்கள். விடிய விடியப் பேசுங்கள், நானும் வந்து கேட்கிறேன். பதில் சொல்ல வேண்டியவர்களைக் கேள்வி கேட்பதற்கும், பதில் தெரியாத இடத்தில் நாமே ஒரு பதிலைச் செய்து வைப்பதற்கும் நடுவில் ஒரு வரப்பு இருக்கிறது. அன்று நீங்கள் அந்த வரப்பை மிதித்துக்கொண்டே போனீர்கள்.

இத்தனை பெரிய விமானம் எப்படி அகப்படாமல் போகும் என்று ஒருவர் கேட்டபோதும் கைதட்டல் விழுந்தது. எங்கள் ஊரில் ஆழத்தைப் பாகத்தில் சொல்வோம், ஆள் இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். முப்பது நாற்பது பாகத்தில் அறுந்துபோன வலையையே எங்களால் தேடி எடுக்க முடிவதில்லை. அவர்கள் தேடிய இடத்தில் ஆழம் பெரும்பாலும் 4,000 மீட்டர், அதாவது இரண்டாயிரம் பாகத்துக்கு மேல். உதாரணத்துக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2015 ஜூன் 8 இரவு, நம் கடலுக்கு மேல் ரோந்து போன கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் மூன்று பேரோடு மறைந்தது. நம் கரையோரமாகவே ஒரு மாதம் தேடிய பிறகுதான் பிச்சாவரத்துக்கு அப்பால் ஆழத்தில் கிடைத்தது. அந்த ஒரு மாதமும் எங்கள் டீக்கடைகளில் என்னென்ன பேசினார்கள்! இலங்கைக்குக் கடத்திவிட்டார்கள், சீனாக்காரன் சுட்டுவிட்டான். கிடைத்த பிறகு அப்படிப் பேசியவர் யாரும் அந்த மூன்று வீட்டுக்குப் போய்ப் பேசியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் ஜூலை 22, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் போன விமானப்படையின் ஏஎன்-32 விமானம், 29 பேரோடு வங்காள விரிகுடாவில் காணாமல் போனது. ஏழரை வருடம் கழித்து, 2024 ஜனவரியில்தான், சென்னைக் கரையிலிருந்து வெகு தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைத் தானியங்கிக் கருவி படம் பிடித்தது. கடலில் ஒன்று கிடைக்காமல் இருப்பதற்குச் சதி தேவையில்லை. ஆழம் போதும்.

மலேசிய விமானத்தையும் யாரும் கைவிட்டுவிடவில்லை. கண்டுபிடித்தால் மட்டும் 7 கோடி டாலர், இல்லையென்றால் ஒன்றுமில்லை என்ற ஒப்பந்தத்தில், புதிதாக 15,000 சதுர கிலோமீட்டர் தேட மலேசிய அரசு 2025 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. கிடைக்கட்டும் என்று நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

அண்ணியிடம் அன்று இரவே இந்த இறக்கைத் துண்டைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். ஆனால் காலையில் எழுந்து பார்த்தால், பரணிலிருந்து மஞ்சள் கேனை இறக்கி, துடைத்து, திண்ணையில் தெரு பார்க்க வைத்திருந்தார். இந்த மடலை எழுதும் இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விழாக் குழுத் தம்பிகளே, அந்தப் பேச்சுப் பதிவை இன்னும் மாலை நேரங்களில் கோயில் ஒலிபெருக்கியில் போடுகிறீர்கள். தயவு செய்து நிறுத்துங்கள். நம் ஊரில் கடலுக்குப் போய்த் திரும்பாத ஆள் உள்ள வீடு எங்களுடையது மட்டும் இல்லை. உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள்.

நடுவர் ஐயா, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆடிக்கு வாருங்கள். பட்டிமன்றம் வேண்டாம், கால் மணி நேரம் போதும். அதே மேடையில் நின்று, தெரிந்தது இது, தெரியாதது இது, போன வருடம் தீர்ப்பு சொல்ல எனக்கு ஆதாரம் எதுவும் இருக்கவில்லை என்று சொல்லுங்கள். நான் சொன்னால் அது கொழுந்தன் சொன்னதாகத்தான் இருக்கும். நீங்கள் சொன்னால் அண்ணி நம்புவார். வண்டிச் செலவு என்னுடையது, சாப்பாடு எங்கள் வீட்டில். அண்ணி வழக்கம்போல முன் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
திடலுக்குக் கிழக்கே, கடலோரத் தெருவிலிருந்து ஒருவன்