சொட்டு மெதுவாகத்தான் இறங்கும்

தக்கலை

அன்புள்ள ஸ்டெல்லா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே சாரல் விட்டபாடில்லை, ரப்பர் வெட்டும் நின்று கிடக்கிறது. அங்கே மழை எப்படி?

அண்ணனுக்கு மெம்பரேனஸ் நெஃப்ரோபதி (சிறுநீரக வடிகட்டி கெட்டு, சிறுநீரில் புரதம் ஒழுகி, உடம்பு வீங்கும் நோய்) என்று உறுதியாகி, ரிட்டுக்சிமேப் மருந்தை டிரிப்பில் ஏற்றப்போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். "காலையில போனா மத்தியானக் கஞ்சிக்கு வீட்டுக்கு வந்திரலாமா" என்று கேட்கிறாராமே. முடியாது மக்கா. கணக்கைப் பார்.

ஒரு தடவைக்கு 1 கிராம். 500 மில்லிகிராம் குப்பி இரண்டு, சேர்ந்து 100 மில்லி. அரை லிட்டர் சலைனில் 100 மில்லியை எடுத்துவிட்டு இதைச் சேர்த்தால், மில்லிக்கு 2 மில்லிகிராம். முதல் அரைமணிக்கு வேகம் மணிக்கு 50 மில்லிகிராம்தான். பிறகு அரைமணிக்கொரு தடவை 50 கூட்டிக் கூட்டி 400 வரை போவார்கள். தடங்கல் இல்லாமல் ஓடினாலே நாலேகால் மணிநேரம். அதற்கு முன்னால் பாராசிட்டமால், அலர்ஜிக்கான அவில், ஸ்டீராய்டு ஊசி போட்டு அரைமணி காத்திருக்க வேண்டும். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். பகல் முழுக்கப் போயிற்று என்றே வைத்துக்கொள்.

பம்ப் இல்லாமல் சாதாரண டிரிப் செட்டில் போட்டால், ஆரம்பத்தில் நிமிடத்துக்கு எட்டுச் சொட்டுதான் விழும். கூட இருப்பவர்களுக்கு அடைத்துக்கொண்டது போலத் தோன்றும். "கொஞ்சம் தெறந்து விடுங்க சிஸ்டர்" என்பார்கள், இல்லாவிட்டால் குழாயில் வேகத்தைக் கூட்டும் சக்கரத்தைத் தாங்களே திருகிவிடுவார்கள். அண்ணனோடு யார் போனாலும் அதில் கை வைக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பு.

மருந்து ரத்தத்திலுள்ள பி-செல்களை, அதாவது ஆன்டிபாடி உண்டாக்கும் வெள்ளை அணுக்களை, உடைக்கிறது. முதல் தடவை அவை ஏராளமாக இருக்கும். ஒரே நேரத்தில் உடைந்தால் உள்ளிருக்கும் சரக்கெல்லாம் ரத்தத்தில் கொட்டி, குளிர்நடுக்கம், காய்ச்சல், தடிப்பு, பிரஷர் இறக்கம் என்று வரும். பெரும்பாலும் மருந்து ஏறத் தொடங்கி அரைமணியிலிருந்து இரண்டு மணிநேரத்துக்குள். தொண்டை கரகரப்பிலோ, காதோரம், உள்ளங்கை அரிப்பிலோ ஆரம்பிக்கலாம். ஆம்பிளைகள் இதைச் சொல்லவே மாட்டார்கள், செருமிக்கொண்டு கிடப்பார்கள். சொன்னால் உடனே நிறுத்தி, ஊசி போட்டு, அடங்கிய பிறகு பாதி வேகத்தில் தொடங்குவார்கள். முதல் நாள் தொந்தரவில்லாமல் போனால், 15-ஆம் நாள் இரண்டாவது டோஸை மணிக்கு 100 மில்லிகிராமில் ஆரம்பித்து அரைமணிக்கொரு தடவை 100 கூட்டலாம். அது மூன்றேகால் மணிநேரத்தில் முடியும்.

போவதற்கு முன் கேட்க வேண்டியவை. மஞ்சள்காமாலை பி-க்கு, கிருமி இப்போது இருக்கிறதா என்று காட்டும் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. மட்டும் பார்த்தால் போதாது, முன்பு வந்துபோனதைக் காட்டும் கோர் ஆன்டிபாடியும் பார்க்க வேண்டும். பழைய கிருமி ஒளிந்து கிடந்தால் இந்த மருந்து அதை எழுப்பிவிடும். பிரஷர் மாத்திரையை 12 மணிநேரம் முன்பே நிறுத்தச் சொல்வதுண்டு. அதை டாக்டர் சொல்லட்டும், அண்ணனாக நிறுத்த வேண்டாம். நீர் பிரியப் போடும் லாசிக்ஸ் மாத்திரையை எப்போது போடுவது என்றும் கேட்டு வை. காலையில் போட்டுவிட்டு வந்தால் டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு பத்துத் தடவை கக்கூசுக்கு நடக்க வேண்டியிருக்கும்.

மருந்தை வெளியில் வாங்கிக்கொண்டு போவதானால் 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும். ஆனால் உறையக்கூடாது. ஐஸ் பேக்கைத் துணியில் சுற்று, குப்பி அதில் நேராகப் பட வேண்டாம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளட்டும். குலுக்கவும் கூடாது, அது புரதம், நுரைத்துவிடும்.

கை வீங்கியிருப்பதால் நரம்பு கிடைக்காது. புறங்கையை ஒரு நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால் நீர் விலகி நரம்பு தெரியும். புறங்கையிலேயே குத்தச் சொல். நாளைக்கு டயாலிசிஸ் வரை போகவேண்டி வந்தால் முன்கை நரம்பு ஃபிஸ்டுலாவுக்கு (டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக்குழாய்களை இணைக்கும் ஆபரேஷன்) வேண்டும். அது வராமலே போகட்டும், ஆனாலும் கெடுத்து வைக்கக்கூடாது. ஊசி நழுவி மருந்து வெளியே இறங்கினாலும் வீங்கிய கையில் சட்டென்று தெரியாது. இரண்டு கையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும், இறங்கிய கை சில்லிட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல் 100.4 தாண்டினால் அன்றே போன் செய்ய வேண்டும். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலோடு மூட்டுவலியும் தடிப்பும் வந்தால், சிக்குன்குனியா என்று கஷாயம் குடித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். மருந்துக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பாகவும் இருக்கலாம்.

பலன் எப்போது என்று கேட்டிருந்தாய். முதலில் இறங்குவது சிறுநீரகத்தைத் தாக்கும் பி.எல்.ஏ.2.ஆர். ஆன்டிபாடி, சிறுநீரில் போகும் புரதம் குறைவது மாதங்கள் கழித்துத்தான். 2019-இல் வந்த 'மென்டார்' ஆய்வில் 130 பேர். 12 மாதத்தில் ரிட்டுக்சிமேப்பில் 60 சதவீதம் பேருக்கும் சைக்ளோஸ்போரின் என்ற பழைய மருந்தில் 52 சதவீதம் பேருக்கும் முழுதாகவோ பாதியாகவோ நோய் அடங்கியிருந்தது. 24 மாதத்தில் முதல் கூட்டத்தில் அதே 60, மற்றதில் 20. மூன்றாம் மாதம் சிறுநீரில் நுரை குறையவில்லை என்று அண்ணன் மனசு விட வேண்டாம்.

கருவாட்டை மட்டும் நிறுத்தச் சொல். மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிடட்டும், ஆனால் நாள் முழுக்கச் சேர்த்து உப்பு ஒரு சின்ன ஸ்பூன்தான். ஊறுகாய், அப்பளம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். தினமும் காலையில் சிறுநீர் போனபின், சாப்பிடுவதற்கு முன், ஒரே எடை மெஷினில் ஏறிக் குறித்து வைக்கட்டும். இரண்டாவது டோஸுக்குப் போகும்போது அந்த நோட்டை மறக்காமல் கொண்டுபோகச் சொல், எனக்கும் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
மேரி