வலைக்கண் பெரிதாக இருந்தால் நெத்திலி தப்பும்: ராமநாதபுரம் கடற்கரை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மண்டபம் முதல் சாயல்குடி வரை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் பணிபுரியும் மருத்துவர்களுக்கு வணக்கம். உடம்பெல்லாம் மாதக்கணக்கில் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயோடு வருபவர்களை "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் மதினி பாம்பன் பக்கம் பாசி எடுப்பவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விடியும்போதே வத்தையில் ஏறிப் போய், குனிந்தும் முங்கியும் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசி பிடுங்குகிற வேலை. கரைக்கு வரும்போது விரலில் சுற்றிய துணி கிழிந்து தொங்கும். வலி அவருக்குப் புதிதல்ல. அதனால்தான் நாலு வருடத்துக்கு முன் "இது வேற மாதிரி வலி" என்று அவர் சொன்னதும் நான் நம்பினேன்.

வலது கணுக்காலில் எரிச்சலாகத் தொடங்கியது. ஆறு மாதத்தில் தோள், இடுப்பு, தொடை என்று உடம்பு முழுக்கப் பரவியது. கடலுக்குப் போகாமல் வீட்டிலிருந்த மாதங்களிலும் குறையவில்லை. மணிக்கட்டில் உரசுகிறது என்று கண்ணாடி வளையலைக் கழற்றி மாடத்தில் வைத்துவிட்டார். ஃபேன் காற்று காலில் பட்டால் எரியும். போர்வையை இழுத்து மூடினால் போர்வையும் எரியும். விடிய விடியப் படுத்துக் கிடந்து எழுந்தாலும் தூங்கிய உடம்பாக இருக்காது.

ஒரு மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். வேறோரிடத்தில் நரம்பில் லேசாக ஷாக் கொடுத்துப் பார்க்கும் சோதனையும் நடந்தது. எல்லாம் நார்மல். "ஒன்னுமில்லம்மா, மனசப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று சொல்லி ஒரு வலி ஊசி போட்டு அனுப்பினார்கள். திரும்பும் பஸ்ஸில் மதினி கேட்டார்: "அப்ப நான் பொய்யா சொல்றேன்?" எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து மதுரையில் ஒரு மருத்துவர், தூக்கம் எப்படி என்று கேட்டுத் தொடங்கி, ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார்.

அந்த பஸ் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். ஷாக் சோதனை அளப்பது தடித்த நரம்பிழைகளை. வலியையும் சூடு குளிர்ச்சியையும் எடுத்துச் செல்பவை மெல்லிய இழைகள். அவற்றின் முனை தோலின் மேலடுக்கு வரை நீண்டிருக்கும். அவை பழுதுபட்டிருந்தாலும் அந்தச் சோதனை நார்மல் என்றே காட்டும். இது உங்களுக்குத் தெரியாததல்ல. பெரிய கண் வலையை இழுத்துவிட்டு இந்தக் கடலில் நெத்திலியே இல்லை என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

2013இல் பாஸ்டனில் நரம்பியல் மருத்துவர் ஆன் லூயிஸ் ஓக்லாண்டர் குழுவினர், ஃபைப்ரோமயால்ஜியா உள்ள 27 பேரின் காலிலிருந்து கடுகளவு தோலை எடுத்து இழைகளை எண்ணினார்கள். நூற்றுக்கு 41 பேருக்கு மெல்லிய நரம்பிழைப் பாதிப்பு இருந்தது. நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான். அதே ஆண்டில் ஜெர்மனியிலிருந்தும் இதை ஒட்டிய முடிவு வந்தது. 2021இல் வெளிவந்த ஆய்வு இன்னும் ஆழம் போனது. லண்டன், லிவர்பூல், ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து, நோய்க்கிருமிகளை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஐஜிஜி எதிர்ப்புரதங்களைப் பிரித்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். அழுத்தினாலும் குளிர் பட்டாலும் அந்த எலிகளுக்குத் தாங்கவில்லை. பிடிமானம் தளர்ந்தது, தோலில் நரம்பிழை குறைந்தது. நலமானவர்களின் எதிர்ப்புரதம் பெற்ற எலிகளுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில், நரம்பணுவைச் சூழ்ந்திருக்கும் துணை அணுக்களில் அந்த எதிர்ப்புரதம் போய் ஒட்டியிருந்தது. சில வாரங்களில் அது உடம்பைவிட்டு நீங்க, எலிகளும் தேறின. எலிகளுக்குக் குடும்பக் கவலை கிடையாது.

மதினிக்கு அந்தத் தோல் சோதனை செய்ததில்லை. செய்தால் இழை குறைந்துதான் இருக்கும் என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். இந்த நோய் உள்ள எல்லோருக்கும் அப்படியில்லை. இழை குறைவதுதான் வலிக்குக் காரணமா என்பதிலும் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. மூளையும் தண்டுவடமும் வலியைப் பெருக்கிவிடுகின்றன என்ற விளக்கமும் நிற்கிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இந்த நோய்க்கு அது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. நான் கேட்பது அதைவிடச் சின்னது: "ஒன்றுமில்லை" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். "இந்தச் சோதனையில் தெரியவில்லை" என்று சொல்லுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

குண்டூசி முனையாலும் குளிர்ந்த பொருளாலும் பாதத்திலிருந்து மேலே தொட்டுக்கொண்டே வந்தால் மெல்லிய இழைகள் எப்படியிருக்கின்றன என்று ஓரளவு தெரியும் என்கிறார்கள். இரண்டு நிமிட வேலை. மதினிக்கு ஒருவரும் செய்யவில்லை. சர்க்கரை, பி12 குறைவு, தைராய்டு, தொழுநோய்த் தேமல் என்று மருந்துள்ள காரணங்களையும் முதலில் தேடிப் பாருங்கள்; இவற்றில் ஒன்று பிடிபட்டால் வலியோடு வந்தவர் பாக்கியசாலி. வலி ஊசியைத் தயவுசெய்து குறையுங்கள். இந்த வலிக்கு அது பெரிதாகக் கேட்பதில்லை, அடிக்கடி போட்டால் சிறுநீரகம்தான் கெடும். இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் மாத்திரை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் நடை இரண்டும்தான் மதினியைத் திரும்பச் சமையலறை வரை கொண்டுவந்தன. நாளெல்லாம் கடலில் உழைத்தவரிடம் "எக்சர்சைஸ் பண்ணுங்க" என்று மொட்டையாகச் சொன்னால் கோபம்தான் வரும். எவ்வளவு, எப்படி என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

2022இல் ராமநாதபுரத்துக்கு மருத்துவக் கல்லூரி வந்தது. அங்கே இருப்பவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். தோல் சோதனைக்கு வேண்டியது கணுக்காலுக்கு மேலே மரத்துப்போக ஒரு ஊசி, 3 மில்லிமீட்டர் தோல். இழையை எண்ணும் வசதி இங்கே இல்லாவிட்டாலும், எடுத்த தோலைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்ப ஒரு வழி செய்யலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வரும் பெண்கள் சர்க்கரையும் பிரஷரும் கேட்கிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் உடம்பெல்லாம் வலிக்கிறதா, எரிகிறதா என்று அவர்களையே கேட்கச் சொல்லலாம்.

அடுத்த வாரம் மஞ்சள் பையில் பழைய சீட்டுகளோடு மதினி உங்களில் ஒருவரிடம் வருவார். நானும் கூட வருவேன். வலது கணுக்காலிலிருந்து தொட்டுப் பாருங்கள். அங்கேதான் முதலில் எரிந்தது.

இப்படிக்கு,
பாம்பன் பக்கத்து ஒரு நாத்தனார்