கழிவுநீர் லாரியை நம்பியிருக்கும் தெருவிலிருந்து ஒரு திறந்த மடல்

சென்னை மாநகரை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம். 2011-இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து, 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆக்கப்பட்ட கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிச் சேர்க்கப்பட்ட தென்பகுதியில், பாதாளச் சாக்கடை இல்லாத தெரு ஒன்றில் குடியிருக்கிறேன். சென்ற வார மழையில் எங்கள் கழிவுநீர்த் தொட்டி மறுபடியும் பொங்கி வாசலுக்கு வந்துவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

இங்கே மழை பிடித்துக்கொண்டால் நிலத்தடி நீர் ஏறித் தொட்டிக்குள் புகுந்துவிடும். மாதக்கணக்கில் தாங்க வேண்டிய தொட்டி சில நாட்களிலேயே நிரம்பிவிடும். லாரிக்காரருக்குப் போன் செய்தால் முன்பதிவுப் பட்டியலைச் சொல்வார். மழைக் காலத்துக்குத் தனிக் கட்டணம். வண்டி தெருவுக்குள் நுழையாது. முனையில் நிறுத்தி, குழாயோடு குழாயை மாட்டி, நாலு வீட்டு வாசலைத் தாண்டி இழுத்து வருவார்கள். மாட்டிய இடத்தில் ஒழுகுவதைக் கழுவிவிடுவது அந்த வீட்டுக்காரர் பொறுப்பு. லாரி வரும்வரை துவைப்பது கிடையாது, குளியல் அரை வாளி. இரவில் எழ வேண்டியிருக்குமே என்று பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். உறவினரை வீட்டுக்கு அழைப்பதற்கு முன் தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்கிறோம்.

கேட்பது ஒன்றுதான்: எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு எந்த மாதம் கிடைக்கும்? அதை எழுத்தில் தாருங்கள். 'திட்டம் பரிசீலனையில் உள்ளது' என்ற பதில் வேண்டாம். அது எங்களுக்கு மனப்பாடம்.

சாலை ஒருவர் கையில், சாக்கடை வேறொருவர் கையில். ஓர் அலுவலகத்தில் கேட்டால் இன்னோர் அலுவலகத்துக்கு வழி சொல்கிறார்கள். கவுன்சிலரிடம் முறையிடலாம் என்றால், 2016 அக்டோபர் முதல் 2022 தேர்தல் வரை கவுன்சிலரே இல்லை. அதே 2022-இல் சொத்து வரியைச் சீராய்வு செய்தபோது, பழைய நகரத்து வீடுகளுக்கு 50 முதல் 150 விழுக்காடு, எங்களைப் போன்றோருக்கு 25 முதல் 100 விழுக்காடு என்று உயர்த்தினீர்கள். கருணைக்கு நன்றி. போதாக்குறைக்கு, மாநகராட்சியையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்துத் திட்டமிடும் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லையையும் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-க்கு விரித்தாயிற்று. அங்கே மனை வாங்குகிறவர்கள் பத்திரத்தோடு லாரிக்காரரின் எண்ணையும் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். வட்டத்தின் ஒரு பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபை என்று ஒன்று சட்டப்படி இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு, சாக்கடைப் பணியை அறிந்த பொறியாளர் ஒருவரை வரைபடத்தோடு அனுப்பி வையுங்கள். தெருவாரியாக மாதத்தைக் குறித்து, கையொப்பமிட்டு, வட்ட அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். தொலைவான மாதமாக இருந்தாலும் பரவாயில்லை. அதுவரை லாரிக் கட்டணத்துக்காவது ஓர் உச்சவரம்பு வையுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரி பாக்கி இல்லாத ஒரு குடியிருப்பாளர்