நாலு வரிசை, ஒரே தாள்

பேரூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய பாடத்திட்டத்தை முழுக்கப் பார்த்தேன். கலை, வடிவமைப்பு, நாடகம், தத்துவம் என நாலும் ஒரே பருவத்தில், அதுவும் கால வரிசையில். பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று இருப்பவர்கள் இப்படி வந்தால் நாலுக்கும் நாலு நோட்டுப் போட்டுவிடுவார்கள். நீ அப்படிப் போடாதே சாமி. சிலை செதுக்கியவனும், கூத்துக் கட்டியவனும், தறி நெய்தவனும், "இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டவனும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் இருந்தவர்கள். நோட்டைப் பிரித்தால் அவர்களும் பிரிந்துபோவார்கள். பொறவு எந்தக் கேள்விக்கு எது பதில் என்றே தெரியாது.

முதல் வேலையாக ஏ1 அளவுத் தாள் இரண்டு வாங்கு. ஒன்று 84.1 செ.மீ. நீளம், 59.4 செ.மீ. அகலம். நீளவாக்கில் ஒட்டினால் 168 செ.மீ. வரும். இடது ஓரத்தில் கி.மு. 600 என்று தொடங்கி, 1 செ.மீ.க்கு 20 ஆண்டு வீதம் கோடு போட்டால் கி.பி. 2000 வரைக்கும் 130 செ.மீ. போதும். மிச்சம் குறிப்பெழுத. குறுக்கே 12 செ.மீ. உயரத்தில் நாலு வரிசை: கலை, வடிவமைப்பு, நாடகம், தத்துவம். கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் சுழி ஆண்டு கிடையாது. தாளில் அது அரை மில்லிமீட்டர்தான். ஆனால் கட்டுரையில் "இத்தனை ஆண்டு இடைவெளி" என்று எழுதும்போது ஒன்று கூடிவிடும், பார்த்துக்கொள்.

ஒருவர் பிறந்த ஆண்டைக் குறிக்காதே, வேலை செய்து முடித்த ஆண்டைக் குறி. காலம் உறுதியாகத் தெரியாததற்குப் புள்ளி வைக்காமல் இரு முனையும் மங்கிப்போகிற பென்சில் கோடாக இழு. நம் அரச்சலூர்க் கல்வெட்டையே எடுத்துக்கொள். ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து. முதல் வரி "த தை தா தை த". இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், எப்படிப் படித்தாலும் ஒன்றே. கோத்தவன் பெயர் தேவன் சாத்தன். அவன் ஒரு வண்ணக்கன், அதாவது காசு நோட்டம் பார்க்கிறவன். இதன் காலத்தைக் கி.பி. 2 முதல் 4ஆம் நூற்றாண்டு வரை பலவாறு சொல்வார்கள். உன் தாளில் அது 15 செ.மீ. நீளக் கோடு. எந்த வரிசையில் போடுவது? ஆட்டத்துக்கான சொற்கட்டு, அதனால் நாடகம். கட்டம் கட்டி அடுக்கிய அழகு, அதனால் வடிவமைப்பு. இரண்டு வரிசையையும் தொடுகிற மாதிரி எழுது. இப்படி வரிசை தாண்டுகிற பொருள்தான் தேர்வில் உனக்குக் கைகொடுக்கும்.

இனி கிரேக்கத்துக்கு வா. ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினன் கோயில் கட்டியது கி.மு. 447 முதல் 432 வரை. தாளில் அது முக்கால் செ.மீ.தான். சோபோக்ளீஸின் ஆன்டிகனி நாடகம் ஏறத்தாழ கி.மு. 441, அந்த முக்கால் செ.மீ.க்குள்ளேயே விழுகிறது. நாடகத்துக்கு இலக்கணம் சொன்ன அரிஸ்டாட்டில் ஏறத்தாழ கி.மு. 335. ஐந்து செ.மீ.க்கு மேல் வலது பக்கம் தள்ளி நிற்கிறார். செய்தவர்கள் முன்னால், விளக்கம் சொன்னவர் நூறாண்டு பின்னால். இதைக் கண்ணால் பார்த்த பிறகு, சோபோக்ளீஸ் அரிஸ்டாட்டிலின் விதிப்படி எழுதினார் என்று உன் கை எழுதாது. மாணவர்கள் பாதிப்பேர் சறுக்குவது இங்கேதான். எந்தக் காலத்துக்குப் போனாலும் முதலில் பொருளைப் பார், அதன் பிறகு அதைப் பற்றிய நூலைத் திற.

நாடகத்தைக் கதையாகப் படிக்காதே. அந்தக் காலத்தில் மூன்றே நடிகர்கள். எல்லாரும் ஆண்கள், எல்லாருக்கும் முகமூடி. அவர்களோடு 15 பேர் கொண்ட பாட்டுக் குழு. ஒரு தாளில் மேலே காட்சிகளையும் பக்கவாட்டில் பாத்திரங்களையும் எழுதி, யார் எந்தக் காட்சியில் பேசுகிறார் என்று கட்டத்தில் குறி. பிறகு மூன்று நிறப் பென்சிலால் மூன்று நடிகருக்குப் பங்கிடு. ஒரே காட்சியில் பேசுகிற இருவருக்கு ஒரே நிறம் வந்தால் பங்கீடு தப்பு, அழித்துவிட்டுத் திரும்பப் போடு. யார் ஏன் அந்த நேரத்தில் மேடையை விட்டுப் போகிறார்கள் என்பது அப்போது புரியும். சில வெளியேற்றங்கள், உடை மாற்ற நேரம் வேண்டும் என்பதாலும் வருபவை.

லண்டனில் இருப்பதால் உனக்கு ஒரு வசதி. பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கட்டணம் இல்லை. பார்த்தினன் கூடம் திறந்திருக்கிற நாளாகப் பார்த்துப் போ. ஊர்வலம் செதுக்கிய பட்டை மொத்தம் 160 மீட்டர். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு அங்கே இருக்கிறது. உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர். கோயிலில் அது தரையிலிருந்து ஏறத்தாழ 12 மீட்டர் மேலே இருந்தது. அதனால்தான் சிற்பி மேல்பாகத்தை ஆழமாகவும் கீழ்ப்பாகத்தை ஆழம் குறைத்தும் வெட்டினான். அண்ணாந்து பார்க்கிறவனுக்குக் குதிரைக் கால் தலையை மறைக்கக் கூடாது. மியூசியத்தில் அது கண் மட்டத்தில் இருப்பதால் இந்த வித்தை தெரியாமல் போகும். பக்கவாட்டில் நின்று மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் எவ்வளவு முன்னே வருகின்றன என்று பார். வெள்ளைக் கல் என்று எழுதிவிடாதே, அதற்கு வண்ணம் பூசியிருந்தார்கள்.

அங்கேயே ஆந்திரத்து அமராவதி பௌத்தச் சிற்பங்கள் உள்ள அமராவதிக் கூடமும் இருக்கிறது. அதைப் பார்க்காமல் வராதே. ஒரு பலகைக் கல் இருபுறமும் செதுக்கியது. ஒருபுறம் கி.மு. முதல் நூற்றாண்டு: மரத்தடியில் வெற்று இருக்கை, சுற்றிலும் கும்பிடுகிறவர்கள், புத்தர் உருவம் இல்லை. மறுபுறம் கி.பி. 3ஆம் நூற்றாண்டு: ஸ்தூபியின் முழுத்தோற்றம். ஒரே கல்லை உன் தாளில் இரண்டு இடத்தில் எழுத வேண்டும். உருவமே காட்டாத காலத்தில் என்ன நம்பினார்கள் என்று தத்துவ வரிசையில் அதற்கு நேர் கீழே எழுது.

பார்க்கும் முறை எங்கே போனாலும் ஒன்றுதான். முதல் பத்து நிமிடம் போன் பையில் இருக்கட்டும், விளக்கப் பலகையைப் படிக்காதே. பென்சிலால் வெளிக்கோடு மட்டும் வரை. அழகாக வர வேண்டியதில்லை. எடை எந்தக் காலில் நிற்கிறது, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, எந்த மூலையை நீ வரையாமல் விட்டாய் என்பது தெரிந்தால் போதும். அடுத்து, பக்கத்தில் நீயோ வேறு ஆளோ நின்றால் எந்த உயரத்துக்கு வரும் என்று ஒரு கோடு. புத்தகப் படத்தில் கைவிரல் அளவுச் சிலையும் ஆள் உயரச் சிலையும் ஒரே அளவாகத்தான் தெரியும். தைப்பொங்கலுக்கு நீ வரும்போது நம் பட்டீசுவரர் கோயில் கனகசபை மண்டபத்தில் இதையே செய்யலாம். 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் கால வேலை. யானைத் தோலை விரித்துப் பிடித்த கஜசம்ஹாரரை நேராக ஒரு தரம், தூணை ஒட்டி நின்று அண்ணாந்து ஒரு தரம் வரை. தாளில் அது 112 செ.மீ. பக்கம் வரும்.

மேடை வடிவமைப்புக்கு உன் வாசிப்புப் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை. அதில் மேடைக்கு அளவே கொடுத்திருக்கிறது. கோல் ஒன்று 24 விரல். அகலம் 7 கோல், நீளம் 8 கோல், தரையிலிருந்து மேடை உயரம் 1 கோல், மேடைப் பலகைக்கும் மேலே உத்தரப் பலகைக்கும் நடுவே 4 கோல், வாயில் இரண்டு. விரல் என்றால் பெருவிரல் அகலம். உன் விரலை அளந்து பார். 2 செ.மீ. என்றால் மேடை 3.36-க்கு 3.84 மீட்டர், தலைக்கு மேல் 1.92 மீட்டர். கிரீடம் வைத்து ஆடினால் இடிக்கும். 2.5 செ.மீ. என்றால் 4.20-க்கு 4.80 மீட்டர், தலைக்கு மேல் 2.40. விரலில் அரை செ.மீ. கூடினால் மேடைப் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. இரண்டையும் காலி அறையில் காகித டேப்பால் ஒட்டி, உள்ளே நின்று கையை வீசிச் சுற்றிப் பார்.

விளக்கைப் பற்றியும் அந்தப் பகுதி சொல்கிறது: தூணின் நிழல் மேடையில் விழாமல் புறத்தே போகும்படி வைக்க வேண்டும். டேப் கட்டத்தின் மூலைகளில் நாலு நாற்காலியை நிறுத்தி, அறையை இருட்டாக்கி, ஒரு மேசை விளக்கை வெளியே வைத்துப் பார், உள்ளே வைத்துப் பார். நாற்காலிகளுக்கு வெளியே வைத்தால் நிழல் முழுதும் ஆடுகிறவள் மேல். திரையும் மூன்று வகை: ஒருபுறமிருந்து இழுப்பது, இருபுறமிருந்து வந்து சேர்வது, மேலிருந்து இறங்குவது. கிரேக்கர்களுக்கு இந்த விளக்குக் கவலை இல்லை, பகலில் திறந்தவெளியில் ஆடினார்கள். அவர்கள் சிக்கல் தூரம். எபிடாரஸ் அரங்கில் கடைசி வரிசை ஆட்டக்களத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர். அங்கிருப்பவனுக்கு முகபாவம் தெரியாது, முகமூடியும் குரலும் கையசைவும்தான்.

அரிஸ்டாட்டில் நாடகத்துக்கு ஆறு உறுப்புச் சொல்லி, கண்ணுக்குத் தெரிகிற காட்சியமைப்பைக் கவிஞனின் கலையோடு மிகக் குறைந்த தொடர்புடையது என்று கடைசியில் தள்ளுகிறார். எனக்கு அது ஒப்பவில்லை. விளக்கு வைக்கும் இடத்தையும் சிந்திக்க வேண்டியதாக எண்ணியவர்கள் நம் ஆட்கள். இந்தக் காதைக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் நம் விஜயமங்கலம் பக்கத்து நிரம்பை ஊர்க்காரர் என்பார்கள். அவரும் மூல நூலுக்குப் பல நூற்றாண்டு பின்னால் வந்தவர். அவர் உரையோடு உ.வே.சா. அச்சிட்டது 1892-இல். மூலம், உரை, அச்சு என்று மூன்றையும் தாளில் தனித்தனியாகக் குறி.

ஆன்டிகனியை இரண்டாம் தரம் படிக்கையில் ஓரத்தில் தொல்காப்பிய மெய்ப்பாட்டை, அதாவது உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதை, எழுதிப் பார். எட்டு மெய்ப்பாடு, ஒவ்வொன்றுக்கும் நாலு நிலைக்களன் (அது பிறக்கிற காரணம்), ஆக 32. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை. அண்ணனைப் புதைக்கத் துணிந்தவளிடம் இருப்பது இழவால் வந்த அழுகையா, தறுகணால் வந்த பெருமிதமா? காட்சிக்குக் காட்சி மாறும். வடமொழி நாட்டிய சாத்திரத்திலும் எட்டுச் சுவை உண்டு. எட்டுக்கு எட்டு என்று நேர்கோடு போட்டுவிடாதே, பட்டியல்கள் முழுக்கப் பொருந்தாது.

தத்துவத்தில் பிளேட்டோவின் குடியரசு பத்தாம் பகுதியில் தொடங்கு. கட்டிலின் மூலக்கருத்து ஒன்று, தச்சன் செய்த கட்டில் ஒன்று, ஓவியன் வரைந்த கட்டில் ஒன்று; ஓவியம் உண்மைக்கு மூன்றாம் இடம். உன் நாலு பாடமும் ஒரே வாதத்தில் மோதுகிற இடம் அது. பக்கத்திலேயே மணிமேகலையில் சமயக்கணக்கர் திறம் கேட்ட காதையை வைத்துக்கொள். வஞ்சி மாநகரில் (கரூர் என்பார் பலர்) அவள் ஒவ்வொரு சமயத்தாரையும் போய்க் கேட்கிறாள். தொடக்கமே அளவை, அதாவது ஒன்றை அறிகிற வழிகள் எத்தனை என்பது: வியாசர் பத்து, கிருதகோடி எட்டு, ஜைமினி ஆறு. யாரைப் படித்தாலும் இரண்டே கேள்வி கேள். "எது உண்டு என்கிறாய்? அது உனக்கு எப்படித் தெரியும்?" இரண்டாவதை விட்டுவிட்டு எழுதினால் கட்டுரை வெறும் கருத்துப் பட்டியலாகிவிடும்.

மறுமலர்ச்சிக் காலத்துக்கு உன் ஆசிரியர் நிறையவே தருவார். நீ ராபேலின் ஏதென்ஸ் பள்ளி ஓவியத்தில் (1509-11) தளக் கோடுகளை அளவுகோலால் நீட்டிப் பார், எல்லாம் பிளேட்டோவுக்கும் அரிஸ்டாட்டிலுக்கும் நடுவே போய்ச் சேரும்.

கடைசிப் பகுதி பௌஹவுஸ், ஜெர்மனியின் கலை, வடிவமைப்புப் பள்ளி. 1919-இல் வைமாரில் தொடங்கியது, 1925-இல் டெஸ்ஸாவ், 1932-இல் பெர்லின், 1933-இல் மூடியாகிவிட்டது. பதினாலே ஆண்டு, தாளில் 7 மில்லிமீட்டர். பெண்களைப் பெரும்பாலும் தறிப் பிரிவுக்கே தள்ளினார்கள். அந்தப் பிரிவுக்கு 1927 முதல் தலைமை ஏற்றவர் குன்டா ஷ்டோல்ட்சல். அங்கே படித்து அங்கேயே ஆசிரியரான யோசப் ஆல்பர்ஸின் நிறப் பயிற்சியைச் செய்துபார்: ஒரே காவித் தாளில் 3 செ.மீ. சதுரம் இரண்டு வெட்டி, ஒன்றைச் சிவப்பு மேலும் மற்றதைப் பச்சை மேலும் வை. இரண்டு வேறு காவியாகத் தெரியும். தெரியாவிட்டால் வெட்டு விளிம்பில் வெள்ளை எட்டிப் பார்க்கிறது, இல்லையென்றால் மஞ்சள் பல்பின் கீழ் உட்கார்ந்திருக்கிறாய். சன்னல் பக்கம் எடுத்துப் போ. பிறகு நீ கொண்டுபோன பவானி ஜமுக்காளத்தை விரித்து, ஒரே சிவப்புப் பட்டை கறுப்புக்குப் பக்கத்தில் எப்படி, பச்சைக்குப் பக்கத்தில் எப்படி என்று பார்த்து எழுது.

தாளில் முதல் 15 செ.மீ. நிரம்பியதும் நேர் மேலே இருந்து படம் எடுத்து அனுப்பு. சாய்த்து எடுத்தால் அளவு தெரியாது. மெய்ப்பாட்டுக்கு இளம்பூரணர் உரையும் பேராசிரியர் உரையும் வேண்டும் என்றால் சொல், அடுத்து வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா