மூன்றரைக் கோழி

அன்புள்ள குமரேசனுக்கு,

நலம், நலமறிய ஆவல். பங்குனியில் வந்த உன் கடிதத்துக்கு மார்கழியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். நீ தாத்தா ஆன செய்தியைச் சுந்தரம் சொன்னான், மகிழ்ச்சி.

வைகாசியில் எங்கள் ஊர்க் கோழிகளுக்குள் வெள்ளைக்கழிச்சல் நோய் புகுந்தது. அம்மா காலத்திலிருந்து வழிவழியாக வந்த சிறுவிடை என்னும் சின்ன நாட்டுக்கோழிகளில் முப்பதுக்கும் மேல் ஒன்பதே நாளில் போய்விட்டன. குஞ்சுகளுக்கு எட்டாவது வாரத்தில் போட வேண்டிய தடுப்பூசியை, திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போட்டவன் நான்தான். ஒருநாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினேன். கழுத்து முறுக்கிக் கிடந்த பெட்டையின் இறக்கைக்கு அடியில் சூடு தேடி இரண்டு குஞ்சுகள் நுழைந்துகொண்டிருந்தன. அதன் பிறகு யாருக்கும் கடிதம் எழுத மனம் வரவில்லை.

மிஞ்சியவை 8 பெட்டைகள், ஒரு சேவல். ஒன்பது இருக்கிறதே, பெருகிவிடும் என்பாய். கணக்கில் நீ வாங்கிய முட்டைகளை நான் மறக்கவில்லை. இனம் காப்பவர்கள் போடும் கணக்கு வேறு: சேவல்களையும் பெட்டைகளையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தத் தலைகளால் வகுக்க வேண்டும். 32ஐ 9ஆல் வகுத்தால் ஏறக்குறைய மூன்றரை. அதாவது, முற்றத்தில் ஒன்பது மேய்ந்தாலும் இரத்தத்தில் மூன்றரைக் கோழிதான். அடுத்த தலைமுறை முழுவதும் ஒரே அப்பனின் பிள்ளைகள். அவற்றை ஒன்றோடொன்று சேர்த்தால் கூமுட்டை கூடும், குஞ்சு நோஞ்சானாகும். பெட்டைகளை அப்படியே வைத்துக்கொண்டு சேவலை மட்டும் நான்காக்கினால் கணக்கு பத்தைத் தாண்டுகிறது. எனவே, உறவில்லாத மூன்று சேவல்களைத் தேடிப் புறப்பட்டேன்.

அய்யலூர்ச் சந்தைக்கு மூன்று வியாழக்கிழமைகள் போனேன். சண்டைக்கு விடும் கட்டுச்சேவல் வேண்டுமென்றால் அங்கே கண் கூசும் அளவுக்கு நிற்கின்றன. சிறுவிடை கேட்டால் சிரிக்கிறார்கள். எடை போட்டு விற்கும் காலத்தில், ஒரு கிலோவைச் சற்றே தாண்டும் பெட்டையை எவன் வளர்ப்பான்? அதனால் பெருவிடைச் சேவலையோ பண்ணைக் கலப்பையோ விட்டு உடம்பைப் பெருக்கிவிட்டார்கள். ஒருவர் குட்டையாக ஒரு சேவலைக் காட்டி, அசல் என்று சத்தியம் செய்தார். இதன் தாய் அடையில் உட்காருமா என்று கேட்டேன். இன்குபேட்டர் இருக்கும்போது அது எதற்கு என்றார். அந்தப் பதிலே போதும் என்று திரும்பிவிட்டேன். தானே அடைகாத்து, பருந்தைக் கண்டால் இறக்கை விரித்துப் பாய்கிற குணத்துக்காகத்தானே அம்மா இதைக் கைவிடாமல் வைத்திருந்தாள்!

கடைசியில் நத்தம் பக்கம் ஒரு சிற்றூரில், ஒரு பாட்டி வீட்டில் கண்டேன். சேவலைக் கேட்டேன், சாமிக்கு நேர்ந்தது என்று மறுத்துவிட்டார். பெட்டையைக் கேட்டேன், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முட்டை தருகிறேன், வாரத்துக்கு வை" என்றார். அதாவது, பொரிவதில் பாதி அவருக்கு. 11 முட்டைகளைத் தவிட்டில் புதைத்து, பேருந்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து, ஒருநாள் அசையாமல் வைத்து, மறுநாள் இரவு அடைக்கோழிக்கு அடியில் தள்ளினேன். ஏழாம் நாள் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது ஏழில் சிலந்திக்கால் போல நரம்பு ஓடியிருந்தது, நான்கு கூமுட்டை. இருபத்தொன்றாம் நாள் ஆறு பொரிந்தன. இப்போது இரண்டுக்குக் கொண்டை சிவக்கிறது. ஒன்று பாட்டியின் பங்கு, ஒன்று என்னுடையது. கணக்கு ஆறைத் தாண்டிவிட்டது என்று வீட்டில் சொன்னேன். உன் தங்கச்சி என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள்.

இன்னும் இரண்டு சேவல்கள் வேண்டும், அவை வேறு வழியில் வந்தவையாக இருக்க வேண்டும். பொன்னமராவதிக்குப் பக்கத்தில் உன் அத்தை வீட்டில் முன்பு இதே கோழிகள் இருந்தன. பொங்கலுக்குப் போகும்போது பார். பெரிதாகவும் அழகாகவும் இருக்கிறது என்று எதையும் தூக்கிவராதே. தாய்க்கோழி அடையில் உட்காருகிறதா என்று மட்டும் கேள். சேவல் தர மனமில்லை என்றால், ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டைகளாகக் கேள். வந்தவற்றை மூன்று வாரம் தனியே, தோட்டத்துக் கொட்டகையில் வைப்பேன். இந்த முறை ஊசியை மறக்கமாட்டேன்.

கூடையின் வாயைச் சாக்கால் இறுக்கிக் கட்டு. நீ கொண்டுவந்த வாத்தை அந்த நடத்துநர் இன்னும் என்னிடம் விசாரிக்கிறார்.

அன்புடன்,
இராமலிங்கம்