லண்டன் போகிறவர்கள் கவனத்துக்கு: எந்த இசை நாடகம்?

வணக்கம். ஹட்டனில் இருந்து அடுத்த மாதம் புறப்படும் ஒன்பது பேரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் போடுங்கள், நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு மாலைதான்.

என் ஓட்டு லயன் கிங்குக்கு. லைசியம் தியேட்டரில் 1999 முதல் ஓடுகிறது. இங்கிலீஷ் பாதி விளங்காவிட்டாலும் பரவாயில்லை, ஏனென்றால் முதல் பாட்டிலேயே பொம்மை யானை ஒன்று சனங்களுக்கு நடுவால் நடந்து மேடைக்குப் போகும், பொம்மைகளை ஆட்டுகிறவர்களை மறைக்க மாட்டார்கள், இரண்டு பக்கமும் உட்கார்ந்து மேளம் அடிப்பார்கள், நம் காமன் கூத்தில் தப்பு மேளச் சத்தத்தோடு வேஷக்காரர்கள் தோட்டத்து லய வீடுகளுக்குள் வரும்போது ஒரு சிலிர்ப்பு வருமே, கிட்டத்தட்ட அதுதான்.

லே மிஸராப்ளே 1985இல் தொடங்கியது. ஏறக்குறைய மூன்று மணி நேரம், பேச்சு இல்லை, முழுக்கப் பாட்டு. விடிய விடியக் கூத்துப் பார்த்த நமக்கு நேரம் பெரிதில்லை, ஆனால் கதையை முன்கூட்டியே வாசித்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் கொட்டாவிதான்.

ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதில் மேலிருந்து விழும் சரவிளக்குக்காகவே கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன். சரி, அதுவும் பட்டியலில் இருக்கட்டும்.

அப்புறம் டிக்கெட். லெஸ்டர் ஸ்குவேரில் தள்ளுபடி டிக்கெட் விற்கும் கவுண்டர் இருக்கிறது, ஆனால் ஒன்பது இருக்கை சேர்ந்தாற்போல் கிடைப்பது கஷ்டம், அதனால் இங்கிருந்தே பதிவு செய்வோம். மேல்மாடி மலிவு, படி செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள்.