பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்: பிள்ளைகளின் பல்லும் தின்பண்டமும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

சென்ற வாரம் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவினர் எல்லாப் பிள்ளைகளின் பற்களையும் பார்த்தார்கள். சொத்தைப் பல் இல்லாத வகுப்பே இல்லை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் இன்னும் அதிகம். யாருக்குச் சிகிச்சை தேவை என்று தனிச் சீட்டில் எழுதிப் பிள்ளைகளின் பையில் வைத்திருக்கிறோம். சீட்டு வந்திருந்தால் தள்ளிப்போடாமல் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

"விழப்போற பால்பல்தானே சார்" என்று பலர் என்னிடம் சொல்கிறீர்கள். ஆறு வயதை ஒட்டி, பால்பற்களுக்கெல்லாம் பின்னால், மேலும் கீழுமாக நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கும். அவற்றுக்காக எந்தப் பால்பல்லும் விழுவதில்லை. அதனால் அவற்றையும் பால்பல் என்றே நினைத்துவிடுகிறோம். ஆனால் அவை நிரந்தரப் பற்கள், போனால் திரும்ப முளைக்காது. மேற்புறம் பள்ளமும் கோடுமாக இருப்பதால் தின்றது அங்கேதான் முதலில் தங்கும். இன்று இரவே டார்ச் அடித்துப் பாருங்கள்.

சொத்தை எப்படி வருகிறது என்று தெரிந்தால் என்ன கொடுக்கலாம் என்பதும் புரிந்துவிடும். வாயில் இருக்கும் கிருமிகள் நாம் தின்னும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதைச் சரிசெய்ய ஏறத்தாழ அரைமணி நேரமாவது ஆகும். மறுபடி இனிப்பு வாய்க்குள் போனால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஆகவே எவ்வளவு இனிப்பு தின்றார்கள் என்பதைவிட, ஒரு நாளில் எத்தனை தடவை தின்றார்கள் என்பதுதான் பல்லை அதிகம் பாதிக்கிறது. காலையில் டீயில் நனைத்த பிஸ்கட், இடைவேளையில் ஜவ்வு மிட்டாய், சாயங்காலம் பத்து ரூபாய் ஜூஸ், படுக்கும்போது சர்க்கரை போட்ட பால் என்று போனால் உமிழ்நீருக்கு வேலை செய்ய நேரமே கிடைக்காது. இதில் மிக மோசமானது கடைசியில் சொன்னதுதான். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். பாலைச் சர்க்கரை இல்லாமல் கொடுங்கள், குடித்தபின் பல் துலக்கிவிட்டுப் படுக்கட்டும்.

வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் பல்லுக்குக் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் உண்டு. கிருமிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எல்லோருமே மகிழ்ந்தோம். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது, கடலை நல்ல சத்துதான். ஆனால் பாகு பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஒரு துண்டு தின்று, வாய் கொப்பளிக்கட்டும். பையில் வைத்துப் பொழுதெல்லாம் கொறிக்கக் கூடாது. எலந்தை வடைக்கும் இதே பேச்சுதான். சிப்ஸ் இனிக்காது என்றாலும் மாவாகக் குழைந்து பல்லில் அப்பிக்கொள்வதால் அதுவும் சொத்தைக்கு வழிவிடும்.

இடைவேளைக்கு என்ன கொடுக்கலாம்? கொய்யாக்காய், வெள்ளரிப்பிஞ்சு, கேரட், அவித்த கடலை, சுண்டல். தை மாதம் வந்தால் பனங்கிழங்கு. எல்லாம் மென்று தின்ன வேண்டியவை. மெல்லும்போது உமிழ்நீர் ஊறும், அதுவே பல்லுக்குப் பாதுகாப்பு.

பல் உறுதியாக வளரச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, அதே எடை அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கேழ்வரகு அடையோ கூழோ செய்யுங்கள். அடையில் முருங்கைக்கீரை சேர்த்தால் இன்னும் நல்லது. கூழுக்கு மோர் ஊற்றிக் கொடுங்கள். இட்லிப்பொடியில் எள்ளைக் கொஞ்சம் தாராளமாகப் போடலாம். நெத்திலி வாங்கினால் முள்ளோடு மென்று தின்னப் பழக்குங்கள், சத்து அந்த முள்ளில்தான் இருக்கிறது. சத்துணவு முட்டையில் மஞ்சள்கருவை ஒதுக்கிவைக்கும் பிள்ளைகளிடம் நாங்களும் சொல்கிறோம், நீங்களும் சொல்லுங்கள்.

ஈறுக்கு வைட்டமின் சி தேவை. மாதக்கணக்கில் காயும் பழமும் கிடைக்காத கப்பல்காரர்களுக்கு அந்தக் காலத்தில் ஈறு வீங்கி, இரத்தம் கசிந்து, பல் உதிரும். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து அவர்களில் சிலரைத் தேற்றினார். நாம் ஆரஞ்சுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. கொய்யாவிலும் நெல்லிக்காயிலும் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. புளிப்பாகத் தின்றால் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, அரைமணி நேரம் கழித்துப் பல் துலக்கட்டும். அப்புறம், துலக்கும்போது ஈறில் இரத்தம் வந்தால் சில வீடுகளில் துலக்குவதையே நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் ஈறோரத்தில் படிந்த அழுக்குதான் காரணம். மென்மையான பிரஷ்ஷால் காலையும் இரவும் தொடர்ந்து துலக்க வேண்டும். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நல்ல உணவு கொடுக்கிறோம் என்று பேஸ்ட்டை விட்டுவிடக் கூடாது. ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் பட்டாணி அளவு போதும். சாம்பலும் செங்கல்பொடியும் பல்லைத் தேய்த்துவிடும், வேண்டாம்.

வரும் திங்கள் முதல் பிறந்தநாளுக்கு வகுப்பில் மிட்டாய், சாக்லேட் கொடுப்பதை நிறுத்துகிறோம். கொடுக்க ஆசைப்பட்டால் அவித்த கடலையோ கொய்யாவோ கொடுத்தனுப்புங்கள். ஒன்றும் கொடுக்காவிட்டாலும் குறையில்லை, காலை வழிபாட்டில் பிள்ளையின் பெயரைச் சொல்லி எல்லோரும் வாழ்த்துவோம். வாசலில் கடை வைத்திருப்பவரும் நம் பள்ளிப் பெற்றோர்தான். இடைவேளை நேரத்தில் வெள்ளரியும் கொய்யாவும் விற்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு வியாபாரம் குறையாமல் பார்த்துக்கொள்வது நம் எல்லோர் பொறுப்பு.

சிகிச்சைச் சீட்டு பெற்றவர்கள், மருத்துவரிடம் காட்டியபின் அதில் கையெழுத்திட்டு வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். மருத்துவமனைக்குப் போகும் நாளில் பிள்ளைக்கு அரைநாள் அனுமதி உண்டு.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்